அலுவல் நோக்கில் மட்டும் காலமானார்

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவரிடமிருந்து எதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு எங்கள் நிறுவனத்தில் நாற்பத்தொரு இனங்கள் அடங்கிய ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று உண்டு. அடையாள அட்டை, நாற்காலி, நாற்காலியில் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை, இழுப்பறைச் சாவி, கத்தரிக்கோல், தேநீர்க் கோப்பை, கோப்பையின் மூடி என்று போய், இருபத்தேழாவதாக 'கரண்டி (சிறியது)' என்று வரும். கணினிக்காரர் விடைபெற்ற அன்று அந்தக் கரண்டியைக் காணோம். பணியாளர் நல அதிகாரி அம்மா பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். நாங்கள் மூன்று பேர் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் அது மேலாளரின் கோப்பைக்குள்ளேயே கிடந்தது.

நாற்பத்தொன்றும் சரி என்று கையெழுத்தானதும், கணினிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"மேடம், சிஸ்டத்தோட முதன்மை பாஸ்வேர்ட இதுல எழுதி வச்சிருக்கேன். இத யார்கிட்ட..."

அவ்வளவுதான். நல அதிகாரி அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

"சொல்லாதீங்க! காட்டாதீங்க! ஒருத்தர் பாஸ்வேர்ட இன்னொருத்தர் கேக்கறதும் குத்தம், காதுல வாங்கறதும் குத்தம். நடத்தை விதி ஒன்பது!"

"நீங்க கேக்கல மேடம், நானாத்தான குடுக்கறேன்."

"பட்டியல்ல இருக்கா அது?"

"இல்ல."

"அப்ப அது கம்பெனி பொருள் இல்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

பாவம், எடுத்துக்கொண்டு போனார். அவர் வாசலைத் தாண்டிய பத்தாவது நிமிடம் அவருடைய கணக்கு மூடப்பட்டது. எனக்குத் தெரிந்து எங்கள் நிறுவனத்தில் குறித்த நேரத்தில் நடந்த ஒரே காரியம் அதுதான்.

எங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்று சொல்லவில்லையே. ரப்பர் முத்திரை செய்கிறோம். 'பெறப்பட்டது', 'ஆவன செய்க', 'நிராகரிக்கப்படுகிறது', இதெல்லாம் நாங்கள்தான். நீங்கள் எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுத்துத் திரும்பி வந்திருந்தாலும், அதன் தலையில் குத்தியிருந்தது எங்கள் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். திட்டுவதானால் மெதுவாகத் திட்டுங்கள், எங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஊர் உலகமெல்லாம் காகிதத்தில் குத்துவதால் பிழைக்கிற இந்த நிறுவனத்தில், இரண்டு வருடமாகக் காகிதமே கிடையாது. மேலாளர் மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது நல்லாத்தான் போனார். வரும்போது 'காகிதமில்லா அலுவலகம்' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வருகைப்பதிவு, விடுப்பு, வாயிற்கதவு, பதவி உயர்வு எல்லாம் சிஸ்டத்துக்குள் போய்விட்டன. குழாய் ஒழுகினால்கூட சிஸ்டத்தில்தான் சொல்ல வேண்டும். சிஸ்டத்தில் ஏறாதவரை அந்தக் குழாய் ஒழுகவில்லை என்றே அலுவல் ரீதியாகக் கருதப்படும்.

இந்தச் சிஸ்டத்துக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதன்மை நிர்வாகியிடம், 'இவர்கள் எல்லாரும் இன்னும் உங்கள் ஊழியர்கள்தானா?' என்று கேட்கும். அவர் 'ஆம்' என்று தட்டினால்தான் மற்றவர்களை உள்ளே விடும். முதன்மை நிர்வாகி வேறு யாருமில்லை, உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாரே, அவர்தான். அடுத்த திங்கட்கிழமை காலை எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்: 'முதன்மை நிர்வாகியை அணுகவும். உள்நுழைய இயலாதவர்கள் உள்நுழைந்து புகாரைப் பதிவு செய்யவும்.'

மற்றவர்களுக்கு ஒரே குஷி. வேலை செய்ய முடியாததற்கு முறைப்படியான காரணம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? எனக்குத்தான் அப்படிக் குஷிப்பட முடியவில்லை.

நான் அனுப்புகைப் பிரிவு எழுத்தர். என் மனைவி ஏழு மணி நேர பஸ் பயணத் தொலைவில் இன்னோர் ஊரில், கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறாள். அந்த ஊரிலும் எங்கள் கிளை ஒன்று உண்டு. இடமாற்றம் கேட்டு நான் விண்ணப்பித்து மூன்று வருடம் ஆகிறது. அது மேசை மேசையாகத் தவழ்ந்து, ஒவ்வொரு மேசையிலும் தூங்கி எழுந்து, கணினிக்காரர் போன மறுநாள்தான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. முதன்மை நிர்வாகி ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் தட்டாவிட்டால் விண்ணப்பம் காலாவதி. மறுபடி முதல் மேசை, மறுபடி மூன்று வருடம். நான் விண்ணப்பித்தபோது என் மகளுக்கு இரண்டு வயது, இப்போது ஐந்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். மற்ற நாளெல்லாம் போன்தான். போனை எடுத்தால் அவள் உள்ளே பார்த்துக் கத்துவாள்: "அம்மா, போன் அப்பா பேசறாரு!" அதை முதல்முறை கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பேசாம கிளம்பி வந்துடுங்களேன்," என்பாள் மனைவி. "இங்க உங்களுக்கு ஒரு வேலை கிடைக்காமலா போயிடும்?"

"ஆர்டர் இல்லாம எப்படி வர்றது? பதினோரு வருஷ சர்வீஸ்."

"என்னமோ போங்க," என்று வைத்துவிடுவாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கே எதிர்ப்பக்கம் ஓடினேன். கணினிக்காரர் வேலையை விட்டுப் போய் எங்கேயோ கண்காணாத இடத்தில் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை போட்டிருந்தார். காகிதமில்லா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தவன் பட்டினி கிடக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் நாளைக்கு இருநூறு பக்கமாவது அங்கேதான் எடுக்கிறார்கள்.

"அண்ணே, அந்த பாஸ்வேர்ட சொல்லுங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இப்ப சொல்லி என்ன தம்பி பிரயோசனம்? என் கணக்கையே மூடிட்டாங்க. மூடின கணக்க மறுபடி திறக்கணும்னா மென்பொருள் கம்பெனிகிட்ட உங்க ஆபீஸ்தான் முறையாக் கேக்கணும். பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷ வேலை! அந்த வார்த்தையை மேலாளரிடம் போய்ச் சொன்னேன், புத்தியில்லாமல். அடுத்த மூன்று நாளும் அந்தப் பத்து நிமிடத்தைச் செய்வதற்குக் குழு அமைப்பதில் போயின. 'அணுகல் மீட்பு உயர்நிலைக் குழு' என்று பெயர். தலைவர் மேலாளர், செயலாளர் நல அதிகாரி அம்மா. 'விஷயத்தில் சொந்த ஆர்வம் உள்ளவர்' என்ற தகுதியில் நான் உறுப்பினர்.

"சார், அவர் எதிர்க்கடையிலதான் இருக்காரு. ஒரு குரல் குடுத்தா வந்துடுவாரு," என்றேன் முதல் கூட்டத்தில்.

மேலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவர் இப்ப வெளியாள். நம்ம ரகசியத்த ஒரு வெளியாள்கிட்ட கேட்டா, நம்ம ரகசியம் வெளியாளுக்குத் தெரியும்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"தெரியுமே சார் அவருக்கு."

"தெரியறது வேற, ஒத்துக்கறது வேற."

நல அதிகாரி அம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். காகிதமில்லா அலுவலகத்தில் குறிப்பேடு ஏது என்று கேட்காதீர்கள். எதிர்க்கடையில் வாங்கியது.

கடைசியில் மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு, குழுவின் முன்னிலையில், ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். எதிர்முனையில் ஒரு பெண். தேன் மாதிரிக் குரல்.

"வணக்கம். முதன்மை நிர்வாகிதான் பேசறீங்களா?"

"இல்லம்மா, அவரோட மேலாளர் பேசறேன்."

"முதன்மை நிர்வாகிய பேசச் சொல்லுங்க சார்."

"அவர் இப்ப இல்லம்மா."

"அடடா. எப்ப காலமானாரு?"

"காலமாகல. வேலைய விட்டுப் போயிட்டாரு."

"எங்க படிவத்துல ரெண்டே பிரிவுதான் சார் இருக்கு. ஒண்ணு, பயனர் பணியில் உள்ளார். ரெண்டு, பயனர் காலமானார்."

"வேலைய விட்டுப் போனவங்களுக்கு?"

"அப்படி ஒரு பிரிவு இல்லைங்க சார். பணியில இருந்தா அவரே பேசணும். காலமாயிட்டா வாரிசு பேசலாம். இறப்புச் சான்று ஒண்ணு, உங்க ஆபீஸ் முத்திரையோட இருந்தா போதும். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

போனை வைத்தோம். பிறகு நல அதிகாரி அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு மனுஷன் காலமாகறதுங்கறது ரெண்டு விதம் சார்," என்றார். "ஒண்ணு உடம்பளவுல. இன்னொண்ணு அலுவல் அளவுல."

நான் எழுந்துவிட்டேன். "மேடம், அவர் எனக்கு அண்ணன் மாதிரி."

"உங்க அண்ணன யாரும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. பேப்பர்ல மட்டும்தான்."

"நம்மகிட்ட பேப்பரே இல்லையே மேடம்?"

"குறுக்க பேசாதீங்க. உங்க ட்ரான்ஸ்பர் வேணுமா வேண்டாமா?"

வேணும். என்ன செய்ய, வேணும். வாயை மூடிக்கொண்டேன்.

'கணினிப் பிரிவு முதன்மை நிர்வாகி, அலுவல் நோக்கில் மட்டும், காலமானார்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. சான்றுக்கு முத்திரை வேண்டுமல்லவா? முத்திரைக்கு நமக்கா பஞ்சம்? வடிவமைப்புப் பிரிவு அன்று மாலைக்குள் ஆறு மாதிரிகள் செய்து அனுப்பியது. வட்டம், சதுரம், ஓரத்தில் பூவேலை உள்ளது, இல்லாதது. மேலாளர் நீள்சதுரத்தைத் தேர்ந்தெடுத்தார். 'காலமானார் (அலுவல் நோக்கில் மட்டும்)'. இந்தச் செய்தி எப்படியோ வெளியே கசிந்து, ஒரே வாரத்தில் மற்ற அலுவலகங்களிலிருந்து அதே முத்திரை கேட்டு நானூறு ஆர்டர் வந்துவிட்டது. நாங்கள் மட்டும்தான் கேனயர்கள் என்று அதுவரை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் தேதி இரங்கல் கூட்டம்; சான்றில் காலமான தேதியும் அதுதான். அது எதற்கு என்று கேட்டேன். கூட்டம் நடத்தாமல் சான்று மட்டும் கொடுத்தால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வருமாம். படத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. பெரிதாக்குகிற கடை ஒன்றுதான் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மறைந்தவரே தன் படத்தைத் தானே பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர், தேநீர் இருப்பதைப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"தம்பி, நீதான் வாரிசாமே? என் முதுகு வலியையும் சேத்து எடுத்துக்கடா."

வாரிசு விஷயமும் தீர்மானமாகியிருந்தது. அவருடைய மனைவி வெளியாள். அலுவலகத்துக்குள் அவரோடு ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவன் நான். ஆகவே 'அலுவல் வழி நெருங்கிய உறவு' நான்தான்.

மேலாளர் பேசினார். "அன்னாரின் உழைப்பு அளப்பரியது. நாம் வீட்டுக்குப் போன பிறகும் அவர் மேசையில் விளக்கு எரியும். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அவர் இல்லாத இந்த நிறுவனம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக் கைக்குட்டையைத் தேடினார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிற மறைந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே?"

"இருந்தப்ப ஒரு வார்த்தை இப்படிச் சொன்னதில்லடா. சொல்லியிருந்தா போயிருக்கவே மாட்டேன்."

அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி. நல அதிகாரி அம்மா எங்களிடம் வந்து, காதோடு சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. மறைந்தவர் கொஞ்சம் வெளியில நின்னீங்கன்னா முறையா இருக்கும்." அவர் தேநீரை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். உறிஞ்சுகிற சத்தம் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

சான்று போய், அங்கே அது பரிசீலிக்கப்பட்டு, எங்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது இருபத்தொன்பதாம் தேதி காலை பதினொன்றுக்கு. வாரிசு மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் தப்பானால் தொண்ணூறு நாளைக்குக் கணக்கு பூட்டப்படும். குழு முழுவதும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கரில் அதே தேன் குரல்.

"உங்க இழப்புக்கு எங்க ஆழ்ந்த அனுதாபம் சார். முதல் கேள்வி. அவர் முதல்ல வாங்கின வண்டி என்ன நிறம்?"

"பச்சை." சாப்பாட்டு மேசையில் அந்தப் பச்சை மொபெட்டின் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

"சரியான பதில். ரெண்டாவது. அவருக்குச் சின்ன வயசுல எதப் பாத்தா பயம்?"

"வாத்து."

"சரியான பதில். மூணாவது, கடைசிக் கேள்வி." ஒரு கணம் நிறுத்தினாள். "அவரோட மேலாளருக்கு ஆபீஸ்ல வச்சிருக்கற பட்டப்பேர் என்ன?"

நல அதிகாரி அம்மா அவசரமாகக் குறிப்பேட்டில் எதையோ தேட ஆரம்பித்தார். மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பட்டப்பேரா? எனக்கு ஏது?"

நான் போனைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா."

"தவறான பதில். இன்னும் ரெண்டு வாய்ப்பு."

மேலாளருக்கு லேசாக வெட்கம் வந்தது. "காலேஜ்ல என்னை 'சிங்கம்'னு கூப்பிடுவாங்க. இங்கயும் யாராவது... எதுக்கும் சொல்லிப் பாருங்களேன்."

"சிங்கம்," என்றேன்.

"தவறான பதில். கடைசி வாய்ப்பு சார்."

முப்பதாம் தேதி மறுநாள். 'போன் அப்பா பேசறாரு' என்ற குரல் காதுக்குள் கேட்டது. இன்னும் மூன்று வருடம் கழித்துப் போனால் அவளுக்கு எட்டு வயது. வருவது வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"காஞ்ச பேட்."

"சரியான பதில்! நன்றி சார். கணக்கு திறந்தாச்சு. உங்க நாள் இனிமையா அமையட்டும்."

மேலாளர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார். "எதனால அப்படி?"

முத்திரை நிறுவனத்தில் இருபது வருடம் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியிருந்தது. "மை காஞ்ச ஸ்டாம்ப் பேட்ல முத்திரைய எவ்வளவு அழுத்தினாலும் பேப்பர்ல ஒண்ணும் விழாது இல்லையா சார்... அந்த மாதிரி, உங்ககிட்ட எவ்வளவு சொன்னாலும்..."

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்களா?"

"மத்தவங்கள எனக்குத் தெரியாது சார்."

"மென்பொருள் கம்பெனில பதிவாகியிருக்கே, அப்புறம் என்ன," என்று பெருமூச்சு விட்டார். மனுஷன் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பாவமாகிவிட்டது. சிஸ்டத்துக்குள் போனதும் முதல் வேலையாக அவருடைய பதவி உயர்வைத்தான் தட்டினேன். பிறகு என் இடமாற்றம். பிறகு ஒழுகுகிற குழாய் உட்பட, தேங்கிக் கிடந்த இருநூற்று முப்பத்தேழு கோப்புகளையும் மாலைக்குள் தட்டி முடித்தேன். விரல் வீங்கிவிட்டது. அலுவலகமே கைதட்டியது. மனைவிக்குப் போன் பண்ணி, "நாளைக்கு ஆர்டர் கைக்கு வந்துடும்," என்றேன். பாப்பா போனைப் பிடுங்கி ஊவென்று கத்தினாள்.

மறுநாள் மூன்று மணிக்குத் தலைமையகத் தணிக்கைப் பிரிவிலிருந்து பதில் வந்தது. 'மேற்படி இருநூற்று முப்பத்தேழு ஒப்புதல்களும் முதன்மை நிர்வாகியின் பெயரில், இம்மாதம் இருபத்தொன்பதாம் தேதி அளிக்கப்பட்டுள்ளன. தங்கள் சான்றின்படி அன்னார் பதினாறாம் தேதியே காலமாகிவிட்டார். காலமாகிப் பதின்மூன்று நாட்களுக்குப் பின் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் செல்லத்தக்கதன்று. அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன. அன்னாரின் குடும்பத்துக்கு எமது ஆழ்ந்த இரங்கல்.'

எதிர்க்கடைக்கு ஓடி அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வந்தவர் மேலாளர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"நான் உயிரோடதான் இருக்கேன்னு எழுதிக் குடுத்துடறேன் சார். எங்க கையெழுத்து போடணும்?"

"நீங்க உயிரோட இருந்தா இவர் வாரிசு இல்ல. வாரிசு இல்லன்னா கணக்க திறந்ததே செல்லாது. ஆக, ஒப்புதலும் செல்லாது."

"சரி, செத்துட்டேன்னே வச்சுக்குங்க."

"செத்தவர் ஒப்புதல் செல்லாதுன்னுதான் எழுதியிருக்காங்களே."

"ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது..."

"அதுக்குப் படிவம் இல்லைங்க," என்றார் மேலாளர். அதைச் சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது. அவருடைய பதவி உயர்வும் அந்த இருநூற்று முப்பத்தேழில்தானே இருக்கிறது? "என்ன பண்ணலாம்? ஒரு குழு அமைச்சு..."

எனக்கு அப்போது வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "உங்க குழுவுல இடி விழ!" என்று கத்தினேன். பதினோரு வருடத்தில் அந்த அறைக்குள் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டேன். நல அதிகாரி அம்மா ஒப்படைப்புப் பட்டியலை எடுக்கப் போனார். அவர் அதன் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் நான் தெருவில் இருந்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ். மத்தியானம் வீட்டு வாசலில் போய் நின்றேன். அன்று மனைவிக்கு வார விடுமுறை. கதவைத் திறந்தவள், என்னையும் என் இரண்டு பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆர்டர் வந்துடுச்சா?"

"வரல."

"லீவா?"

"லீவும் இல்ல."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"பஸ்லதான்."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "அந்த பஸ் மூணு வருஷமா தினம் ஓடிட்டுத்தாங்க இருக்கு," என்றாள். பையை வாங்கிக்கொண்டு, "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்றாள். பாப்பா வந்து என் கன்னத்தை விரலால் குத்திப் பார்த்தாள். அன்றைக்கு நான் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மனைவி வேலைக்குப் போனாள். பாப்பாவை மழலையர் பள்ளியிலிருந்து கூட்டிவரும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்று வருடமாகக் கனவு கண்ட வேலை, சும்மா போக முடியுமா? சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, அரை மணி முன்னதாகவே போய் நின்றேன். வாசல் காவலாளி கையில் ஒரு திரையை வைத்துக்கொண்டு என் பெயரைத் தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"இந்தப் பாப்பாவுக்கு அம்மா பேர் மட்டும்தான் சார் இருக்கு."

"நான் அப்பாங்க."

"இருக்கலாம் சார். சிஸ்டத்துல இல்லையே."

"சேத்துக்குங்களேன்."

"சேக்கறது டீச்சரம்மா வேலை. அவங்க போன வாரம்தான் வேலைய விட்டுப் போனாங்க. சிஸ்டமும் பூட்டிக்கிச்சு."

கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் பாப்பா பையை மாட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா!" என்று குதித்துக்கொண்டிருந்தாள். "கேக்குதுல்ல? அவளே கூப்பிடறா பாருங்க!" என்றேன். குழந்தை சொல்வதைப் பதிவு செய்ய இடமில்லை என்றார் காவலாளி. சுவரோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் என்னைப் போலவே தலையைப் படிய வாரிய நாலு அப்பாக்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க சார், வந்து உக்காருங்க," என்றார் ஒருவர். "நாங்க நாலு நாளா வர்றோம். அஞ்சு மணிக்கு அவங்கவங்க அம்மா வந்துதான் கூட்டிட்டுப் போறாங்க. இத இப்படியே விடக்கூடாது, ஒரு குழு அமைக்கலாம்னு பேசிட்டு இருக்கோம். உங்களுக்கு இந்த மாதிரி விஷயத்துல ஏதாவது அனுபவம் உண்டா?"

எழுந்து ஓடியிருக்க வேண்டும். பதினோரு வருடப் பழக்கம் விடுமா?

"உண்டு," என்றேன்.

ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். இன்னொருவர் நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். நாலு பேரும் மரியாதையாக என் வாயைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"முதல்ல, அந்த டீச்சரம்மா உயிரோட இருக்காங்களான்னு முடிவு பண்ணணும்."